என் ரத்தத்தில் இல்லாத காவல்காரன்

மச்சான்,

இன்று காலை ஒரு பேருந்து முழுக்க என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டியது. அப்படியொன்றும் தவறான முடிவு இல்லை.

கச்சிராயபாளையம் போகிற வண்டி, எனக்கு ஜன்னலோரம். வளைவில் வண்டி மெதுவானபோது அந்த வாடை உள்ளே வந்தது. பூண்டை அழுகவிட்டு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் வருமே, அந்த வாடை. எட்டிப் பார்த்தேன். மக்காச்சோளக் கொல்லையில் ஒருவர் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். உடம்பில் சட்டை இல்லை. தலையில் மட்டும் துண்டு கட்டியிருந்தார், விஷம் முடி வழியாகத்தான் இறங்கும் என்பதுபோல. நான் கழுத்துவரை வெளியே நீட்டி, சட்டையைப் போடச் சொல்லியும் முதுகில் ஒழுகுகிறது என்றும் கத்தினேன். ஒழுகவெல்லாம் இல்லை. யாரோ தெரிந்த ஆள் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவர் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

நடத்துநர் என் தோளைத் தட்டினார். "தலைய உள்ள இஸ்துக்க சார். கொல்லையில இருக்கறவன் சட்டைக்கெல்லாம் நான் இன்னா பண்ணட்டும்?"

வண்டியே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஒன்றைப் போட்டு அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். இன்று வாயில் ஒன்றும் வரவில்லை. நீதான் வந்தாய். முதுகு நனைந்த பனியனோடு, என் பக்கத்து இருக்கையில்.

உன் பேச்சு ஒன்று எனக்கு மறக்காது. "ஒங்கிட்ட இருந்து வாய எடுத்துட்டா மிச்சம் ஒரு வேட்டிதான்டா" என்பாய். முதன்முதலில் அதைச் சொன்னது மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில். கரும்பு அரவைக் காலம். டிராக்டர்கள் ரோட்டில் வரிசையாக நிற்க, எடைமேடைக்கு உன் முறை வரும்வரை நீ டிரெய்லர் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தாய். நான் ஆலை அலுவலகத்து எழுத்தர். வேலை நேரத்தில் வேலை செய்வது எனக்கு ஒத்துக்கொள்ளாத பழக்கம் என்பதால் வரிசையில் நிற்கிறவர்களிடம் கதை அளந்துகொண்டே வந்தேன். எந்த ஊரில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் பத்தாமல் போனது, எல்லாம் என்னிடம் கிடைக்கும். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் கண்ணைத் திறக்காமல் அந்த வேட்டிக் கணக்கைச் சொன்னாய். அன்றைக்கே நாம் மச்சான்கள் ஆகிவிட்டோம். உன் வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி ஆனாள். என்னைப் பற்றி ஊரில் யாராவது உண்மை பேசினால் அதை முதலில் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறவன் நீயாகத்தான் இருந்தாய்.

அந்த நாளைப் பற்றி நீ எனக்குச் சொல்லவே இல்லை. தங்கச்சி சொல்லித்தான் தெரியும். மலைப்பக்கம் கருமேகம் திரண்டிருந்தது. மழை இறங்குவதற்குள் மிச்சப் பாத்திகளுக்கும் மருந்தடித்துவிட வேண்டும் என்று உனக்கு அவசரம். டேங்கின் அடியில் குழாய் சேருமிடம் விட்டுப்போய், முதுகு வழியாக இடுப்புவரை ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. உனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு துணியைச் சுற்றிவிட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தாய். வந்ததும் குளித்திருக்கலாம். நீ டீ கேட்டாய். டீ வருவதற்குள் கண்ணில் தண்ணீர், வாயில் தண்ணீர், உடம்பெல்லாம் வியர்வை. டம்ளரைப் பிடித்த கையின் தசைகள் புழு நெளிவதுபோலத் துடித்ததாம். கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நான் வந்து சேருவதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பூச்சிமருந்து என்றாலே குடித்துவிட்டான் என்றுதான் நம் ஊர்க் காதுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் உனக்குக் கடன் என்றார் ஒருவர். கடன் இல்லை, வேறு விஷயம் என்று கண்ணடித்தார் இன்னொருவர். அதுநாள்வரை அந்த மாதிரிப் பேச்சுக்கு மொத்த வியாபாரி நான்தான். என் சரக்கு என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தபோது, அது எவ்வளவு நாறும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வார்டில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். நான் ஏதோ படித்தவன் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டதால் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்பும். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை வெட்டி அணைத்துவிட உடம்பில் ஒரு என்சைம் உண்டு. பூச்சிமருந்து அதன் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. அதனால் சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கண், வாய், வியர்வை எல்லாம் திறந்துவிட்ட குழாய். அதே என்சைமுக்குப் பங்காளி முறையில் இன்னொன்று, ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். விஷம் வந்தால் அது நடுவில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் மீளாது, பிடிபட்டதும் மீளாது. உன் ரத்தத்தில் அந்த ஆட்கள் எல்லாம் அப்படியே விழுந்து தீர்ந்துபோனார்கள். வேறு ஒருவர் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் அவர்கள் இருப்பார்கள், ஏற்றிப் பார்க்கலாம். பலன் உண்டு என்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். மற்ற மருந்தெல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, இது கூடுதலாக ஒரு முயற்சி.

காவல்காரர்கள் மாதிரியா என்று கேட்டேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மச்சான், அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. உனக்காக நான் அனுப்பப்போகும் காவல்காரர்கள்! உனக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. பையைக் கொடுத்துவிட்டு வேறு யாருடைய பையையோ வாங்கிக்கொள்வதுதான் ரத்த வங்கி வழக்கம். நான் விடவில்லை. என் பையிலிருந்து பிரித்ததுதான் என் மச்சானுக்கு ஏற வேண்டும் என்று அடம்பிடித்தேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டேன். மேடையில் மைக் பிடிக்கிறவன் என்பதால் நாலு பேருக்கு என் முகம் தெரியும். அந்த முகத்தை அங்கே செலவழித்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் பொன்னுசாமி உட்கார்ந்திருந்தார். கரியாலூர்ப் பக்கம் மலையில் இருக்கிறவர். புளியும் கடுக்காயும் இறக்க உன் டிராக்டரைத்தான் கூப்பிடுவார். சோளம் ஒடிக்க உன் கொல்லைக்கு ஆள் கூட்டி வருகிறவரும் அவர்தான். செய்தி கேட்டு முதல் வண்டியில் இறங்கி வந்து காலையிலிருந்து காத்திருந்தார். அவருக்கும் அதே ரத்த வகை. அன்று சாயங்காலத்துக்கு ஒரு பைதான் பிரிக்க முடியும் என்றார்கள். நான் அவருடைய மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்து, இதில் ஊசி குத்தினால் மறுபக்கம் வந்துவிடும் என்றேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து எனக்கு இடம் விட்டார். அவருடைய ரத்தத்தை மறுநாள் எடுத்தார்கள்.

என் பிளாஸ்மா ஏறிய மறுநாள் காலை நீ கண்ணைத் திறந்தாய். டாக்டரம்மா உன் அருகில் நின்று, "தலையத் தூக்குங்க" என்றார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அப்படியே நிறுத்த வேண்டும். கழுத்துத் தசைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பதால் தினமும் அதைத்தான் பார்ப்பார்களாம். நீ தூக்கினாய். தூக்கியபடியே என்னைப் பார்த்தாய்.

"ஒன் ரத்தமா போட்டாங்க?"

"ஆமாண்டா. சுத்தமான சரக்கு."

"அதான் எழுந்ததுல இருந்து பொய் பொய்யா வாயில வருது."

செவிலியர் சிரித்ததில் ஊசித் தட்டு ஆடியது. நான் அழுதேன். அதை மறைக்க உன்னைத் திட்டினேன். என் ரத்தத்தில் என்ன இருக்கப்போகிறது, டீயும் புளுகும்தான் என்று நீ மேலும் சொன்னாய். நீ சொன்ன ஜோக்குகளிலேயே அதுதான் முழு உண்மை என்று அப்போது நம் ரெண்டு பேருக்கும் தெரியாது.

அன்று பொன்னுசாமியின் பிளாஸ்மா ஏறியது. அதற்கு அடுத்த காலை டாக்டரம்மா அதே மாதிரி சொன்னார். நீ தூக்கப் பார்த்தாய். தாடை மட்டும் அசைந்தது. நான் இந்தப் பக்கமிருந்து, யாருக்கும் தலைகுனியாதவன் இன்றைக்கு நிமிரவும் மாட்டேன் என்கிறான் என்று சொல்லி வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா உன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்தபடியே மூச்சு மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். இந்த விஷத்தில் தேறி வருவதுபோல இருந்து இப்படித் திரும்புவது உண்டு என்று தங்கச்சியிடம் சொன்னார். நெஞ்சில் சளி கட்டியது. அந்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை உன்னிடம் சொல்லத்தான் இந்த மடல்.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு ஊர், அம்மன் திருவிழா, பட்டிமன்றம். மனிதனுக்குப் பெரிய பலம் உறவா நட்பா. நான் நட்பு அணி. உன் கதையை எடுத்தேன். ஊசி, வரிசை, பொய் பொய்யாக வாயில் வருது என்று நீ சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து அழ வைக்க வேண்டுமே. எங்கள் தொழிலில் சிரிக்கவைத்த வாயை உடனே அழவைத்தால்தான் கைதட்டல் விழும். என் ரத்தம் சமவெளி ரத்தம், சோம்பேறி, இருந்த இடத்தில் இருக்கும். அது ஏறியபோது மச்சான் எங்களோடு இருந்தான் என்றேன். மறுநாள் ஏறியது மலை ரத்தம். அதற்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது, நடந்துகொண்டே இருக்கும். என் மச்சானையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டது என்றேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வரி எனக்கே பிடித்துவிட்டது. அதன்பிறகு ஏறிய மேடையெல்லாம் அதைச் சொன்னேன். யாரோ போனில் படம் பிடித்துப் போட்டார்கள். ஊர் ஊராகப் போனது.

இனி என் கதை.

குடலிறக்கம். மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு வேறெங்கே இறங்கும்? ரொம்ப நாள் சட்டையை இழுத்துவிட்டு மறைத்து வைத்திருந்தேன். ஒருநாள் மதியம் அது சிக்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து எழ முடியாமல் போயிற்று. அவசர ஆபரேஷன். தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன் உடம்பைத் தளரவைக்க ஒரு ஊசி போடுவார்களாம். சில நிமிஷத்தில் தானாகத் தெளிந்துவிடும் ஊசி. எனக்குத் தெளியவில்லை.

முதலில் அவர்களுக்கும் புரியவில்லை. ஆபரேஷன் முடிந்து மயக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். எனக்குக் காது திறந்துவிட்டது, மற்ற எதுவும் திறக்கவில்லை. கண் இமையைத் தூக்க முடியவில்லை. விரல் நுனி என்னுடையதாக இல்லை. என் மூச்சை யாரோ எனக்காக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல், இவர் பட்டிமன்றத்தில் பேசுகிறவர் ஆயிற்றே என்றது. இன்னொரு குரல், "அப்ப கொஞ்ச நேரம் இப்படியே கெடக்கட்டும்" என்றது. நியாயமான தீர்ப்புதான். வாயை எடுத்துவிட்டார்கள் மச்சான். நீ சொன்ன மிச்சமும் இல்லை, வேட்டியை முன்பே அவிழ்த்து வைத்துவிட்டிருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் சீக்கிரமே விஷயத்தைப் பிடித்துவிட்டார். என்னை மறுபடி தூங்கவைத்தார்கள். மிஷினிலேயே வைத்திருந்தாலும் மெல்ல மெல்லத் தெளியும், ஆனாலும் பிளாஸ்மா கொடுத்தால் சீக்கிரம் தெளியலாம் என்று ஏற்றினார்கள். யார் கொடுத்ததோ, எந்த ஊர்க்காரர் ரத்தமோ. கொஞ்ச கொஞ்சமாக விரல் என்னிடம் திரும்பி வந்தது. அப்போது அந்த டாக்டர் குனிந்து, "தலையத் தூக்குங்க பாக்கலாம்" என்றார்.

அதே சொல். எனக்கு உன் தாடை ஞாபகம் வந்தது. அசைந்துவிட்டு நின்ற தாடை. நான் தூக்கினேன். தலை வந்தது. அப்படியே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். சபாஷ் என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் கூசிப்போனது அந்த ஒன்றுக்குத்தான்.

மறுநாள் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டுச் சொன்னார். அந்த ஊசி மருந்தை வெட்டித் தீர்க்க எல்லோர் ரத்தத்திலும் ஒரு என்சைம் இருக்கும். பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்பே என் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். என் ரத்தத்தில் அது இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் கம்மி. பிறவியிலேயே அப்படி. அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டார். அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை. சம்பந்தி வீடு என்று ஒன்று தனியாக இருந்தால் செலவு என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது. அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று ஒரு அட்டையைக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த என்சைம்தானே பூச்சிமருந்து விஷத்தையும் பிடிக்கும் என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டு, அதேதான், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

உன் கதையைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். ஒரு பையால் பிழைத்தார், ஒரு பையால் போனார் என்றெல்லாம் யாரும் சொல்ல முடியாது. அந்தக் காலையில் நீ கண் திறந்தது மற்ற மருந்துகளால் இருக்கலாம். கழுத்து விழுந்தது அந்த விஷத்தின் போக்கு. சரி டாக்டர், ஆனால் என் பையில் அவனுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை, அவ்வளவு நிச்சயம்தானே என்றேன். அவர், ஆமாம் என்றார்.

காவல்காரன் இல்லாத பையைக் கொடுக்கத்தான் அத்தனை பேருக்குப் போன் போட்டிருக்கிறேன் மச்சான். காவல்காரர்கள் நிறைந்த ஒரு மெலிந்த கையை எழுப்பிவிட்டு, நான் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இதோடு போயிருந்தால்கூட மென்று விழுங்கியிருப்பேன். எனக்கு ஏற்றிய பிளாஸ்மாவுக்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். என் வீட்டில் அத்தனை பேருக்கும் சர்க்கரை. மைக் முன்னால் எனக்கு ஆயிரம் நண்பர்கள், அன்றைக்கு எல்லோர் போனும் அணைந்திருந்தது. கொடுத்தது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரி. செய்தி கேட்டதும் வந்து, கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"அவுருக்கு நீ குடுத்தத நான் திருப்பிக் குடுத்துட்டேண்ணா. மனசு இப்பதான் ஆறுச்சு."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருந்து மயக்கம் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

தையல் காய்ந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சோளக்கதிர் குவித்துக் காயவைத்திருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். எங்கேயாவது சிரிக்கவைக்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது, விடவில்லை. அவள் கதிரைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

"அதுக்கு இப்ப இன்னா? நான் குடுத்தத திருப்பிக் கேப்பேன்னு பயந்துகினியா?"

நான் குனிந்து ஒரு கதிரைப் புரட்டிப்போட்டேன். அவள் விடவில்லை.

"ஒன் ரத்தத்துல இல்லன்னா அது ஒன் தப்பா? அத வுடு. நீ மைக்குல சொன்னியே, மலை ரத்தம் கூட்டிக்கினு போயிடிச்சின்னு. அது யாரு தப்பு? அந்த மனுசன் அதுக்கப்பறம் கீழ எறங்கவே இல்ல, தெரியுமா ஒனக்கு? சோளம் ஒடிக்க வேற ஆளதான் அனுப்பறாரு. எங்கிட்ட வந்து சொல்றத அவுருகிட்ட போய் சொல்லு."

எனக்குத் தெரியாது மச்சான். ஊரில் எல்லோர் வீட்டுச் செய்தியும் தெரிந்த எனக்கு இது தெரியாது.

மலைக்குப் போனேன். வண்டி திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் தையல் போட்ட இடம் இழுத்தது, நல்லதென்று நினைத்துக்கொண்டேன். பொன்னுசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அன்றைக்கு வரிசையில் எழுந்து இடம் விட்டாரே, அதே மாதிரி. நான் டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். காவல்காரன் கதையைத்தான் சொன்னேன். உங்கள் ரத்தத்தில் அவர்கள் இருந்தார்கள், என்னுடையதில் இல்லை, நான் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் உங்களுடையது ஒருநாள் பிந்தியது என்றேன்.

அவர் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த புளியைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப என் ரத்தம் கெட்ட ரத்தம் இல்லியா சார்?"

இல்லை என்றேன். அதன்பிறகு அவர் சொன்னார். போன வருஷம் அவர் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. வகை சேர்ந்தது இவருடையதுதான். இவர் கொடுக்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார். யாரோ வெளியாள் கொடுத்து மகளும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெற்றவனே ரத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று அன்றிலிருந்து மகள் பேசுவதில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. போனில் என் பேச்சைப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டுச் சிரித்தபோது அவரும் அங்கே இருந்திருக்கிறார். அந்தச் சிரிப்பு அடங்கியதும், தன் ரத்தம் ஏறினால் ஆள் போய்விடும் என்பது மட்டும் அவரிடம் மிஞ்சிவிட்டது.

மகளிடம் நான் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"மைக்குலதான சொன்னீங்க. மைக்குலயே சொல்லுங்க."

அதே ஊர், அதே அம்மன் திருவிழா. விழாக் குழுவைக் கெஞ்சி இடம் வாங்கினேன். தலைப்பு ஏதோ மாமியார் மருமகள் என்று நினைக்கிறேன், நான் அதைத் தொடவில்லை. என் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன். கூட்டம் சிரித்தது. ஊரார் கதையெல்லாம் வைத்திருக்கிறவன் ரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரே காவல்காரன் இல்லை என்றேன். மறுபடி சிரிப்பு. இது ஜோக் இல்லை என்றேன், அதற்குத்தான் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இத்தனை வருஷம் நானே பழக்கிவைத்த வாய்கள், என் குரல் கேட்டாலே திறந்துகொள்கின்றன. நான் நின்று, காத்திருந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். மலையிலிருந்து வந்த ரத்தம்தான் என் மச்சானுக்காகச் சண்டை போட்டது. அதைப் பற்றி நான் சொன்ன வரி பொய், கைதட்டலுக்காகச் சொன்ன பொய். அவரைப் பெயர் சொல்லிக் கும்பிட்டேன். நடுவர் நேரம் ஆகிவிட்டது என்று மணி அடித்தார். கைதட்டினார்கள், வழக்கமான அளவுக்குத்தான். முன்வரிசையில் தங்கச்சி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோற்றுவிட்டேன் என்றுதான் இறங்கினேன். சிரிக்கவைத்துக் கட்டியதைச் சிரிப்புக்கு நடுவில் நின்று பிரிக்க முடியவில்லை. அதையும் யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். ரெண்டு நாள் கழித்துப் பொன்னுசாமியிடமிருந்து போன் வந்தது. மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பேசுகிறார் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"கேட்டேன் சார். எல்லாரும் சிரிக்கறாங்களே."

"ஆமாங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எம் மவ சிரிக்கல சார்."

வைத்துவிட்டார்.

இன்றைக்கு நான் பேருந்து ஏறியது அவரைப் பார்க்கத்தான் மச்சான். கச்சிராயபாளையத்தில் இறங்கி மலை வண்டி பிடித்து மேலே போனேன். உன் கொல்லைக்குச் சோளம் ஒடிக்க ஆள் கேட்டு வரும்படி தங்கச்சி அனுப்பியிருந்தாள். ஆள் அனுப்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை, தானே வருகிறேன் என்றார். வருகிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நான் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. சந்தோஷம் வந்தால் எனக்கு உடனே ஒரு ஜோக் வந்துவிடும்.

அந்த அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. டீக்கடையில் சில்லறை எடுக்கும்போதெல்லாம் அது முதலில் வெளியே வரும். இவனிடம் இது இல்லை என்று படித்த ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, நீ வாய்மொழியாகக் கொடுத்த சான்றிதழின் நகல். என்னுள் ஏறிய அந்த முகம் தெரியாதவருடைய காவல்காரர்கள் சில வாரத்திலேயே தீர்ந்துபோயிருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். நான் மறுபடி பழைய ஆள்தான்.

ஒன்று மட்டும் பழக்கமாகிவிட்டது. காலையில் விழிப்பு வந்ததும் உடனே எழுவதில்லை. மல்லாந்தபடியே தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறேன். நிறுத்திப் பிடிக்கிறேன். இது என்ன கூத்து என்று வீட்டில் கேட்டார்கள், கழுத்துவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்றேன். பொய்தான், நீ பழகிய பொய். தலை எழுந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் உன் தாடை அசைந்து நிற்பது தெரியும். அதன்பிறகு தலையைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் சும்மா கிடக்கிறேன்.